இருபது டின் தண்ணீர்

நான் அடித்த கூரை ஒழுகியது என்று திருச்சியில் எவனும் சொல்ல முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது யாராவது இந்தப் பேச்சை என் எதிரில் எடுத்தால் வாய் கசக்கிறது.

என் பெயர் தாஜுதீன். பாலக்கரையில் பிச்சமுத்து முதலாளியின் பட்டறையில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் மேஸ்திரி. அதற்கு முன்னால் பொன்மலையில் ரயில் பெட்டிகளுக்குக் கூரைத் தகடு அடித்தவன். ரயில் பெட்டியின் மேல் வரிசையாகக் குமிழ்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்கு வைத்தவை அல்ல. உள்ளே அடைந்து கிடக்கும் ஜனங்களின் மூச்சு வெளியே போவதற்கு வைத்தவை. அதைப் பொன்மலையில்தான் கற்றுக்கொண்டேன். கற்றும் என்ன பிரயோஜனம்?

ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியிலிருந்து ஒரு வக்கீல் பட்டறைக்கு வந்தார். அழகியமணவாளன் என்று பெயர். தொழிலை விட்டு ஓய்ந்திருந்தவர். மனைவி ரங்கநாயகியம்மாளுக்கு எல்லாத் திவ்ய தேசங்களையும் சேவித்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த அம்மாள் வெளியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஓட்டல் கிடையாது, சத்திரம் கிடையாது, சொந்தக்காரர் வீட்டிலேகூட ஆசாரம் போதாது. ஆகவே வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தார்கள். மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை வக்கீல் வாங்கி வைத்திருந்தார். இழுப்பதற்கு ஒரு ஜீப். டிரெய்லரின் மேல் ஒரு அறை கட்டித் தரவேண்டும். புருஷன் பெண்சாதிக்கு இரண்டு கட்டில், ஒரு ஓரத்தில் அடுப்படி, அதன் பக்கத்தில் சமையல்கார அம்மாள் பாய் விரித்துப் படுக்க இடம்.

பஸ்ஸாகக் கட்டிச் சலித்துப்போன எனக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. ஆசையோடு செய்தேன். தேக்குச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, தகட்டுக்கு அடியில் தேங்காய் நாரைத் திணித்து அதற்குக் கீழே மெல்லிய பலகை. கூரையில் இரண்டு வென்டிலேட்டர். துளை போட்டுக் குமிழை மாட்டிய அன்றுதான் வக்கீல் பார்வையிட வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது என்ன ஓட்டை?"

"காத்து போறதுக்குங்க. உள்ள மூணு பேர் படுக்கறீங்க, அடுப்பு எரியுது. ஆவி வெளிய போவணும்ல?"

"தளிகை பண்றச்சே வேத்து மனுஷா கண்ணு படக்கூடாது. வண்டியை ஊர் நடுவிலே நிறுத்துவோம். மாடியிலேர்ந்து எவனாவது எட்டிப் பார்த்தா அன்னிக்கு அத்தனையும் கொட்டவேண்டியதுதான். அடைச்சுடு. அப்புறம் இந்தப் பலகையும் வேண்டாம். மரம் தீட்டை இழுத்து வெச்சுக்கும், நார் அதைவிட மோசம். தகடுன்னா தண்ணியை விட்டு அலம்பிடலாம்."

குமிழுக்குள்ளே கண்ணை விட்டுச் சாம்பாரைப் பார்க்கவேண்டுமானால் அவன் பல்லியாகப் பிறந்திருக்க வேண்டும். அதைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். பிச்சமுத்து முதலாளி என் காலை மிதித்தார். "அவங்க சொன்னபடி அடிப்பா. வண்டி அவங்களுது" என்றார். நான் பலகையைக் கழற்றினேன். நாரை உருவினேன். இரண்டு துளைக்கும் தட்டு அளவுக்குத் தகடு வெட்டி, சுற்றிலும் தார் வைத்து, ரிவிட் அடித்து மூடினேன். மூடும்போதே தெரியும், இது தப்பு என்று. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தை பிறந்து வண்டியை ஒப்படைத்தோம். வீதியில் வைத்துப் புண்யாகவாசனம் செய்து, மாவிலையால் தண்ணீர் தெளித்து, பசுவைக் கொண்டுவந்து நிறுத்தி எல்லாம் ஆயிற்று. அதற்கப்புறம் எங்களில் யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்றார்கள். இரண்டரை மாதம் அதற்குள்ளேயே உட்கார்ந்து சோறு தின்று, பீடி குடித்து, தூங்கி எழுந்தவன் நான். ஒரு சொம்புத் தண்ணீரில் அத்தனையும் போயிற்று. சிரித்துக்கொண்டேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஜீப் ஓட்டுகிறவர் மேலப்புதூர் சவரிராயன். எனக்குப் பழைய பழக்கம். முதல் பயணம் கும்பகோணம் சுற்று வட்டாரம், பன்னிரண்டு நாள். திரும்பி வந்த மறுநாள் சவரிராயன் பட்டறைக்கு வந்து என் எதிரில் குந்தினார்.

"பாய், தப்பா நினைக்காதீங்க. உங்க கூரை ஒழுகுது."

"மழை பேஞ்சுதா?"

"ஒரு பொட்டு கிடையாது. வெறும் பனிதான். ஆனா காலையில பார்த்தா மெத்தை நனைஞ்சிருக்கு. அய்யா தலையில சொட்டுது. அந்தம்மாவுக்கு முழங்கால் வலி கூடிப்போச்சு. இலவம்பஞ்சு மெத்தையில கறுப்புப் புள்ளி விழுந்து ஒரே நாத்தம்."

"நீங்க எங்க படுத்தீங்க?"

"நான் ஜீப்புலதான். நாலு பக்கமும் படுதாவைத் தூக்கிவிட்டுட்டு."

"நனைஞ்சீங்களா?"

"எனக்கென்ன, குளிர்தான். ஈரமெல்லாம் இல்ல."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ராத்திரிப் பனியில் அலுமினியத் தகடு சில்லிட்டுப்போகும். உள்ளே மூன்று பேர் மூச்சு, சமைத்த ஆவி, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க வைத்திருக்கும் வெந்நீர், விடிந்தால் மடியாக உடுத்துவதற்கு உள்ளேயே கொடியில் காயப்போட்ட ஒன்பது கஜம் ஈரப்புடவை. அத்தனை ஈரமும் போக வழியில்லாமல் அந்தத் தகட்டில் போய் ஒட்டும். பிறகு சொட்டாமல் என்ன செய்யும்? நான் வைத்த வழியை நானே அடைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருந்த தர்மராஜ் என்பவர் புதிதாக நாலு பஸ் விடப்போகிறார். நாலுக்கும் பாடி கட்டும் வேலையை எங்களுக்குத் தருவதாகப் பேச்சு. அவருக்கு இந்த அழகியமணவாளன்தான் வக்கீலாக இருந்தவர்.

"கூரை ஒழுகுதுன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா அந்த நாலு பஸ்ஸும் போச்சு" என்றார் முதலாளி. "அப்புறம் நீ இங்க மேஸ்திரியா இருக்க முடியாது தாஜுதீன். ரிவிட் அடிக்கிறவனா வேணும்னா இருந்துக்க. போய்ப் பார்த்துட்டு வா."

ஸ்ரீரங்கம் போனேன். டிரெய்லர் வக்கீல் வீட்டு வாசலிலேயே நின்றது. வக்கீல் கோயிலுக்குப் போயிருந்தார். உள்ளே யாரோ தரையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. செருமினேன். ஜன்னல் கதவு ஒரு சாண் திறந்தது. சமையல்கார அம்மாள் பெருந்தேவி. ஐம்பது வயதிருக்கும். வக்கீலுக்கு ஏதோ தூரத்து உறவு. பதினாறு வயதில் புருஷனை இழந்து அந்த வீட்டு அடுப்படிக்கு வந்தவர், அப்புறம் வேறெங்கும் போகவில்லை.

"மேஸ்திரி, நீங்க உள்ளே வரப்படாது. நான் பார்த்துச் சொல்றேன், கேளுங்கோ."

"ஒட்டுப் போட்ட இடத்துல சொட்டுதுங்களாம்மா?"

"ஒரு இடம்னு இல்லை. ஒழுகினா ஒரே இடத்துலேர்ந்து கோடு போட்டுண்டு வரும். இது மேலே முழுக்க முத்து முத்தா நிக்கறது. சாதம் வடிக்கறச்சே மூடியைத் திருப்பினா நிக்குமே, அப்படி."

நான் ஜன்னல் பக்கம் இன்னும் ஓரடி நகர்ந்தேன்.

"மெத்தையும் மேலே அவ்வளவா நனையலை. புரட்டினாத்தான் அடியிலே பிழியலாம் போல இருக்கு. என் பாயும் அப்படித்தான். மழையே இல்லாம அடியிலே எப்படி நனையும்? நாங்க விட்ட மூச்சும் என் அடுப்பு ஆவியும் போக்கிடம் இல்லாம திரும்ப எங்க மேலேயே எறங்கறதுன்னு எனக்குத் தோண்றது. சரிதானா?"

பொன்மலையில் ஒரு இன்ஜினீயர் கரும்பலகையில் படம் போட்டு எங்களுக்கு விளக்கியதை இந்த அம்மாள் சோற்றுப்பானை மூடியை வைத்தே கண்டுபிடித்திருந்தார்.

"சரிங்கம்மா" என்றேன்.

"நான் ஒரு வேலை பண்ணியிருக்கேன். பழைய வேஷ்டியைக் கிழிச்சுத் திரியாட்டம் முறுக்கி மேல் சட்டத்தை ஒட்டிக் கட்டியிருக்கேன். சொட்டெல்லாம் அது வழியா எறங்கி என் பக்கத்துல இருக்கற செம்புல விழறது. விடிஞ்சா அரைச் செம்பு ரொம்பிடும். பாதி உபத்திரவம் தீர்ந்தது. மீதிக்கு என்ன பண்ணலாம்?"

"கூரையில ரெண்டு ஓட்டை வேணுங்க. மெத்தைக்கு அடியில மூங்கில் தட்டி போட்டா காத்து ஓடும். புடவையை வெளிய காயப்போடுங்க. வெந்நீரை மூடி வெச்சுக்குங்க."

"புடவையை வெளியே போட்டா மடி போயிடும். மத்ததெல்லாம் பண்ணலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. நான் சொன்னா அடுப்படிப் பேச்சுன்னு தள்ளிடுவா. நீங்க சொன்னா தொழில் தெரிஞ்சவர் சொல்றார்னு கேப்பா."

"சொல்றேங்கம்மா" என்றேன்.

சொல்ல வேண்டும் என்றுதான் பட்டறைக்குத் திரும்பினேன். முதலாளி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஓட்டையை அடைச்சது யாரு? நீ. தப்புன்னு தெரிஞ்சே ஏன் அடைச்சேன்னு அவர் கேப்பாரு. வக்கீல்கிட்டப் போய் வாயைக் குடுக்காத. கூரை ஒழுகலைன்னு காட்டு, அது போதும். ஊரே பார்க்கற மாதிரி காட்டு."

அப்படித்தான் அந்தத் தண்ணீர் வேடிக்கை வந்தது.

தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறையிலிருந்து மண்ணெண்ணெய் டின்களைக் கொண்டுபோனோம். அவர்கள் வீட்டுக் குடத்தை நாங்கள் தொடக்கூடாதே. பட்டறை ஆட்கள் தெருக்குழாயில் பிடித்துப் பிடித்துத் தர, நான் கூரை மேல் நின்றுகொண்டேன். உள்ளே போகத்தான் தடை, மேலே ஏறி மிதிக்கலாம். வீதியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். முதலாளி மண்ணச்சநல்லூர் தர்மராஜையும் காரில் அழைத்து வந்திருந்தார். வக்கீல், ரங்கநாயகியம்மாள், பெருந்தேவி மூவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஒவ்வொரு டின்னாகக் கவிழ்த்தேன். அந்த இரண்டு ஒட்டின் மேலும் தனித்தனியாக ஊற்றினேன். தண்ணீர் நாலு பக்கமும் வழிந்து வீதியில் ஓடியது. இருபதாவது டின் முடிந்ததும் கதவு திறந்தது. வக்கீல் காய்ந்த அங்கவஸ்திரத்தோடு இறங்கினார்.

"ஒரு சொட்டு இல்லை" என்றார்.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். தர்மராஜ் என்னைப் பார்த்து, "நம்ம நாலு வண்டிக்கும் மேஸ்திரி இவருதான்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நனைந்த கைலியோடு கீழே இறங்கி நின்றேன். அந்த நிமிஷத்தை அப்படியே நிறுத்திவிடக்கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அழகியமணவாளன் வக்கீல். ஒரு கேள்வி நிற்கும்போது அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"கூரை ஒழுகலை. மழையும் பெய்யலை. அப்போ ஜலம் எங்கேர்ந்து வந்தது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ரங்கநாயகியம்மாள் வண்டிப் படியிலேயே நின்றிருந்தார். "மேலேர்ந்து சொட்டினது பெருந்தேவி புடவை. சரியா பிழியாம கொடியிலே போட்டிருக்கா" என்றார்.

"சரி. மெத்தை அடியிலே?"

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். புருஷனுக்கு மட்டும் கேட்கவேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் வீதி அப்போது மூச்சுக்கூட விடாமல் நின்றது. "அவ பாய்தான் தினம் நனைஞ்சிருக்கு. அங்கேர்ந்துதான் கட்டில் பலகை வழியா ஏறிப் பரவியிருக்கு. வயசாயிடுத்து, ராத்திரி அடக்க முடியலை போலிருக்கு. சொல்ல வெக்கப்பட்டுண்டு கூரை ஒழுகறதுன்னு நம்மளை நம்ப வெச்சிருக்கா."

"அந்தத் திரி?" என்றார் வக்கீல். "செம்பை வேற பக்கத்துல வெச்சிண்டிருந்தாளே. கூரை ஒழுகறாப்பல காட்டத்தானே கட்டியிருக்கா?"

அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது. சாட்சி, தடயம், தீர்ப்பு எல்லாம் அந்தப் படிக்கட்டிலேயே. பெருந்தேவி வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"இல்லை அண்ணா. சத்தியமா இல்லை. மேஸ்திரிக்குத் தெரியும். அவரைக் கேளுங்கோ."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "என்ன மேஸ்திரி, உனக்கு என்ன தெரியும்?"

எனக்கு எல்லாம் தெரியும். ஓட்டையை அடைத்தது தெரியும், பலகையைக் கழற்றியது தெரியும், அவர் சொல்லித்தான் செய்தேன் என்பதும் தெரியும். இரண்டே வாக்கியம் போதும். ஆனால் அந்த வீதியில், அத்தனை பேர் நடுவில், 'நீங்க போட்ட உத்தரவுதான் உங்க தலையில சொட்டுது' என்று அவரிடம் சொல்லவேண்டும். 'தெரிஞ்சே தப்பா அடிச்சேன்' என்று தர்மராஜ் காது கேட்க ஒப்புக்கொள்ளவேண்டும். முதலாளியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கூரை ஒழுகலைங்க" என்றேன். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ள நடக்கறது எனக்கெப்படிங்க தெரியும்? நான்தான் உள்ளயே வரக்கூடாதே."

அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு குத்தல் இருந்தது. அதை வக்கீலுக்குத்தான் வைத்தேன். அது போய் விழுந்த இடம் வேறு. பெருந்தேவி என்னை ஒரு தடவை பார்த்தார். அழவில்லை, திட்டவில்லை. சோற்றுப்பானை மூடியைப் பற்றிக்கூட எடுத்துச் சொல்லவில்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இறங்கி, கூட்டம் விலகிவிட்ட வழியே வீட்டுக்குள் போனார். யாரும் அவர் மேல் படாமல் ஒதுங்கி நின்றார்கள்.

அன்று மத்தியானமே அவரை அனுப்பிவிட்டார்கள். ராத்திரி படுக்கையை நனைக்கிறவள் மடியாக எப்படிச் சமைப்பாள்? ஸ்ரீரங்கத்தில் எந்த வீதியிலும் அதற்கப்புறம் அவரை ஒரு அடுப்படி வாசற்படி ஏற்றவில்லை. கோயில் மடைப்பள்ளியில் வேலையாக இருந்த உறவுக்காரர்கூட வாசலோடு திருப்பி அனுப்பினாராம். இதெல்லாம் சவரிராயன் சொன்னது. சொல்லிவிட்டு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜீப்பில் படுத்து நனையாதவர் அல்லவா? அவருக்கும் கொஞ்சம் விளங்கியிருக்கும். ஆனால் அவரும் அந்த வீட்டுச் சம்பளக்காரர்.

மாசியில் இரண்டாவது பயணம் போனார்கள். புதுச் சமையல்காரி, முப்பது வயது. மூன்றாம் நாளே மெத்தை பழையபடி நனைந்தது. நாலாம் நாள் திரும்பிவிட்டார்கள்.

"அய்யா என்ன சொன்னாரு?" என்று சவரிராயனைக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. வர்ற வழியெல்லாம் வாயே திறக்கல. டிரெய்லரை வித்துடச் சொல்லிட்டாரு."

"அந்தப் பெருந்தேவியம்மாவைத் திரும்பக் கூப்பிட்டாங்களா?"

"அதெப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார் சவரிராயன்.

கூப்பிட்டால் வீதியில் சொன்னதை வீதியில் நின்று திரும்ப எடுக்கவேண்டும். அதற்குத் தெம்பு இல்லாதவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் வக்கீல், ஒருவன் மேஸ்திரி. ஆசாரம், சாதி, மதம் எல்லாம் வேறாக இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஒரே ஜாதி.

எனக்கு மட்டும் எல்லாம் நன்றாக நடந்தது. தர்மராஜின் நாலு பஸ் பத்தாயிற்று. பட்டறை பெரிதாயிற்று. முதலாளிக்கு விளம்பரமே வேண்டியிருக்கவில்லை. யார் வந்தாலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, கதையை ஆரம்பிப்பார். "இருபது டின் தண்ணிங்க. ஸ்ரீரங்கத்துல, ஊரே வேடிக்கை பார்க்க. ஒரு சொட்டு இறங்கணுமே." அதோடு நிறுத்தமாட்டார். "அப்புறம் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தா..." என்று இழுத்து, அந்த அம்மாள் கதையைச் சொல்லி முடிப்பார். வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கதையின் ருசியே அந்த வாலில்தான் இருந்தது. பஸ்காரர்கள் மதுரைக்கும் கரூருக்கும் தஞ்சாவூருக்கும் கொண்டுபோனார்கள். என் பெயர் போன இடமெல்லாம் அந்த அம்மாள் பாயும் கூடவே போயிற்று.

ஒரு நாள் என் வீட்டுக்காரி சுராயா மார்க்கெட்டிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "உங்க கூரைக் கதையைக் கேட்டேன். என்னங்க, அந்த ஐயரம்மா பாயிலயே..." என்று சொல்லி முடிக்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு வருஷம் அவளிடம் நான் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அன்று தட்டில் போட்ட சோறு எனக்கு இறங்கவில்லை. காரமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அறுபத்தைந்தில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மண்ணச்சநல்லூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். பக்கத்தில் துணி போட்டு மூடிய பெரிய கூடை. உடம்பு பாதியாகியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். எப்படியோ கால் அங்கேயே போய் நின்றது.

"அம்மா, என்னைத் தெரியுதுங்களா?"

பார்த்தார். "தெரியாம என்ன? கூரை மேஸ்திரி."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"மண்ணச்சநல்லூர்ல. அப்பளம் இட்டுக் கடைக்குப் போடறேன். அப்பளத்துல யார் கை பட்டதுன்னு வாங்கறவாளுக்குத் தெரியாது. அது ஒரு சௌகரியம்." குறையாகச் சொல்லவில்லை, சமாசாரமாகச் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

நான் அழுதுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன நெரிசலில், பழவண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்று, ஏழு வருஷமாக அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். வென்டிலேட்டரை அடைத்தது, முதலாளி காலை மிதித்தது, தர்மராஜ் நின்றது, என் பயம், எல்லாம். "அந்தத் தண்ணி உங்களாலே வரலைங்கம்மா. நான் மூடினதால வந்தது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பஸ் வந்தது. தர்மராஜ் பஸ்தான், நான் கட்டிய பாடி. கூடையைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இதை எங்கிட்ட ஏன் சொல்றேள்?" என்றார். "எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவாகிட்டன்னா சொல்லணும்."

பஸ் போய்விட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? வக்கீல் முந்தின வருஷமே காலமாகிவிட்டார். ரங்கநாயகியம்மாள் மகளோடு பம்பாய் போய்விட்டார். மிச்சமிருந்தது ஒரே இடம். கதை தினம் தினம் புறப்படுகிற இடம்.

பட்டறைக்குத் திரும்பியபோது பிச்சமுத்து முதலாளி எதிரில் குளித்தலைப் பக்கத்துப் பஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸ் காலியாகியிருந்தது. கதை வால் பக்கத்துக்கு வந்திருந்தது. முதலாளி இழுத்தார். "அப்புறம் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தா..."

"என்னாலதாங்க வந்துச்சு" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூரையில ரெண்டு வென்டிலேட்டர் இருந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சே நான்தான் அடைச்சேன். உள்ள போன ஆவி வெளிய வர வழியில்லாம தகட்டுல தண்ணியா நின்னு சொட்டிச்சு. அந்தம்மா ஒரு பாவமும் பண்ணல. அவங்க பாயை நனைச்சது நான். அதைக் கேட்டப்ப வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்தான்."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று. முதலாளியின் முகம் கறுத்தது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகட்டும் என்றும் இருந்தது. அந்தக் குளித்தலைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். நான் சொன்னது அவருக்குள் இறங்கியது என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் அந்த அம்மாளுக்காகத் தலையசைக்கப் போகிறார் என்று நின்றேன்.

தலையசைத்தார்.

"அப்படியா சங்கதி" என்றார். "அப்ப நம்ம வண்டிக்கு மறக்காம வென்டிலேட்டர் வெச்சே அடிச்சிருங்க மேஸ்திரி. ரெண்டு போதுமா, நாலு வெக்கணுமா?"

முதலாளி கடகடவென்று சிரித்தார். அந்த ஒரு சிரிப்பில் எல்லாம் சரியாகிவிட்டது. "பார்த்தீங்களா எங்க மேஸ்திரியை, எப்படித் தொழில் சொல்லிக் குடுக்கறாருன்னு" என்று இன்னொரு டீ சொன்னார்.

நான் அளவு நாடாவை எடுத்தேன். நாலு வேண்டும் என்றேன்.